கீழாநெல்லியிலிருந்து தொடங்கும் வகைப்பாட்டியல்

மழைக்காலம் தொடங்கிச் சில வாரங்களில் வயல் வரப்பிலும், வீட்டுக் கொல்லையிலும், பூந்தொட்டியின் ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கும் கீழாநெல்லியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. ஒரு சாணுக்குச் சற்று மேலான உயரம், மெல்லிய பக்கக் கிளைகள், அவற்றில் இரு வரிசையாக அடுக்கிய சிறு இலைகள், கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைகளின் அடியில் தொங்கும் கடுகளவுக் காய்கள் என்று அதன் தோற்றம் எளிதில் நினைவில் நிற்கும். நெல்லிக்காயைச் சுருக்கி இலைக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டதுபோல் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். மஞ்சட்காமாலைக்கு நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவதால் அதன் பொடி கடைகளிலும் விற்கப்படுகிறது. இவ்வளவு அறிமுகமான செடியைப் பற்றி ஒரு தாவரவியலாளரிடம் கேட்டால், "நீங்கள் சொல்வது எந்தக் கீழாநெல்லி?" என்ற கேள்விதான் முதலில் வரும். அந்தத் தோற்றம் கொண்ட செடிகள் நம் மண்ணில் நான்கைந்து இனங்களாக இருக்கின்றன. அவை ஒரே வரப்பில் அருகருகே வளர்வதும் உண்டு.

அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு மூன்று வேலைகள் தேவைப்படுகின்றன. எந்த உயிர் எந்த உயிரோடு உறவுடையது என்று ஆராய்ந்து அவற்றைக் குழுக்களாக அமைப்பது வகைப்படுத்துதல். அப்படி அமைந்த ஒவ்வொரு குழுவுக்கும் உலகம் முழுவதும் செல்லுபடியாகும் ஒரு பெயரை விதிமுறைப்படி வழங்குவது பெயரிடுதல். கையில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட செடியோ பூச்சியோ பாம்போ ஏற்கெனவே பெயரிடப்பட்ட எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கண்டறிவது இனங்காணுதல். இம்மூன்றையும் சேர்த்து வகைப்பாட்டியல் என்று பள்ளியில் ஒரே பாடமாகப் படித்துவிடுவதால், மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் பலருக்கு நிலைத்துவிடுகிறது. என் பார்வையில், தொடக்க நிலையில் வரும் குழப்பங்களில் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது. வகைப்படுத்துதல் ஆய்வு முடிவு. புதிய சான்று வந்தால் அது மாறும். பெயரிடுதல் சட்டம் போன்றது. அதற்கு விதிகளும் முன்தீர்ப்புகளும் உண்டு. இனங்காணுதல் பயிற்சியால் வரும் கைத்திறன். அதில் தவறு நேர்ந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

உயிர்களை வகைப்படுத்தும் பழக்கம் அறிவியலுக்கு முன்பே மக்களிடம் இருந்தது. நெல்லி, அரைநெல்லி, கீழாநெல்லி, மேலாநெல்லி என்று பெயரிட்டவர்கள், பெரிய மரத்தையும் முழங்காலைக்கூட எட்டாத பூண்டையும் ஒரே சொல்லால் இணைத்திருக்கிறார்கள். தாவரவியலாளர்களும் இந்த நான்கையும் நெடுங்காலமாகப் பில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுடைய இனங்களின் தொகுப்பில், வைத்திருந்தார்கள் என்பதை அறியும்போது, அந்தப் பெயரிட்டவர்களின் கண்கூர்மை மீது மதிப்பு வருகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்கிறது. அதைவிட எனக்கு வியப்பளிப்பது அதே இயலில் வரும் வேறொரு பிரிப்பு: உட்புறம் வைரம் பாய்ந்தவை மரம், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை புல். இதன்படி பனையும் தென்னையும் மூங்கிலும் மரங்கள் அல்ல, அவை புல்வகை. இன்றைய தாவரவியலும் இம்மூன்றையும் நெல்லோடும் அறுகம்புல்லோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற குழுவில் வைக்கிறது. வேம்பும் புளியும் அந்தக் குழுவுக்கு வெளியே நிற்கின்றன. தண்டை வெட்டிப் பார்த்தவர்கள் கண்ட வேறுபாடு, பிற்காலத்தில் விதையையும் மலரையும் மரபணுவையும் பார்த்தவர்கள் கண்ட எல்லையோடு பெருமளவு பொருந்திவிட்டது.

ஆனால் மக்கள் வழக்கு எப்போதும் இப்படிப் பொருந்துவதில்லை. கட்டுவிரியன் என்ற பெயரைக் கேட்பவர், அது கண்ணாடிவிரியனுக்கும் சுருட்டைவிரியனுக்கும் நெருங்கிய உறவு என்றே எண்ணுவார். உண்மையில் அது நாகப்பாம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. நாகத்தின் நஞ்சைப் போலவே அதன் நஞ்சும் முதன்மையாக நரம்புகளைத் தாக்குகிறது. விரியன்களின் நஞ்சோ இரத்தத்தையும் திசுக்களையும் கெடுக்கிறது. விரியன்களுக்கு வாயில் மடங்கிக் கிடந்து கடிக்கும்போது நிமிரும் நீண்ட பற்கள் உண்டு. கட்டுவிரியனுக்கும் நாகத்துக்கும் நச்சுப்பற்கள் குட்டையாகவும் மடங்காமலும் இருக்கும். பெயரில் உள்ள உறவு வேறு, உடலில் உள்ள உறவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அப்படியானால் எந்தப் பண்பை நம்பி உறவைத் தீர்மானிப்பது? 18ஆம் நூற்றாண்டில் சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தபோது, முதன்மையாக மகரந்தத் தாள்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டார். எண்ணத் தெரிந்த எவரும் பயன்படுத்தக்கூடிய முறை என்பதால் அது விரைவாகப் பரவியது. ஆனால் ஆண் மலரும் பெண் மலரும் ஒரே செடியில் தனித்தனியே இருப்பவை, ஆண் மலரில் மூன்று மகரந்தத் தாள்கள் கொண்டவை என்ற அறையில் பில்லாந்தஸோடு மக்காச்சோளமும் வந்து சேர்ந்தது. கீழாநெல்லிக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்த எண்ணிக்கையைத் தவிர வேறு ஒற்றுமை எதுவும் இல்லை. ஒரே ஒரு பண்பைப் பிடித்துக்கொண்டு செய்யப்படும் இத்தகைய முறையைச் செயற்கை வகைப்பாடு என்கிறோம். லின்னேயஸுக்கும் இது தெரிந்தே இருந்தது; இயற்கையான உறவைக் காட்டும் முறை ஒன்று வேண்டும் என்று அவரே கருதினார்.

அந்த இயற்கையான உறவு என்றால் என்ன என்பதற்குத் தெளிவான பொருள் 1859க்குப் பிறகுதான் கிடைத்தது. எல்லா உயிர்களும் பொது மூதாதைகளிலிருந்து கிளைத்து வந்தவை என்று சார்லஸ் டார்வின் காட்டியபின், வகைப்பாடு வம்சாவளியைக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. அதை எப்படிக் காட்டுவது என்பதற்கு ஒழுங்கான வழிமுறையை 1950இல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் வகுத்தார். ஒற்றுமைகள் எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல என்பதே அவர் முறையின் உயிர்நாடி. பல்லியும் பசுவும் நான்கு கால்கள் கொண்டவை என்பதால் அவற்றுக்கிடையே தனி நெருக்கம் ஏற்பட்டுவிடாது; ஏனெனில் நான்கு கால்கள் மிகத் தொலைவில் இருந்த ஒரு மூதாதையிடமிருந்து தவளை உட்படப் பலவற்றுக்கும் வந்த பழைய சொத்து. வௌவாலும் பசுவும் குட்டிக்குப் பாலூட்டுவதோ, அந்தக் கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றிய பண்பு. ஆகவே அது உறவுக்குச் சான்று. காக்கைக்கும் வௌவாலுக்கும் சிறகு இருப்பது இந்த இரண்டு வகையிலும் சேராது. அது தனித்தனியே தோன்றிய ஒற்றுமை.

இந்த அளவுகோலைக் கீழாநெல்லியின் மீது வைத்துப் பார்ப்போம். பழைய தாவர நூல்கள் அதை ஆமணக்குக் குடும்பத்தில் வைத்திருக்கும். இரண்டுக்கும் ஆண், பெண் மலர்கள் தனித்தனி. இரண்டின் காயும் மூன்று அறைகள் கொண்டது. ஆனால் ஆமணக்குக் காயை உடைத்தால் அறைக்கு ஒன்றாக மூன்று விதைகள் இருக்கும். கீழாநெல்லிக் காயை நகத்தால் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்தால் அறைக்கு இரண்டாக ஆறு விதைகள் இருக்கும். ஆமணக்குக் குடும்பத்தின் பல செடிகளில், கள்ளியிலும் காட்டாமணக்கிலும் இருப்பதுபோல, பாலோ நிறமுள்ள சாறோ வடியும். கீழாநெல்லிக் கூட்டத்தில் பால் கிடையாது. அறைக்கு இரண்டு விதை உடையவற்றைத் தனியே பிரிக்க வேண்டும் என்பதற்கு டிஎன்ஏ ஒப்பீடுகளும் துணை நின்றதால், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவை பில்லாந்தேசி என்ற தனிக் குடும்பமாக ஏற்கப்பட்டுள்ளன. பள்ளிப் பாடத்தில் படித்த குடும்பம் இப்போது மாறிவிட்டதே என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். செடி மாறவில்லை, அதன் உறவு பற்றிய நமது அறிவு துல்லியமானது.

விலங்குகளில் இதற்கு இணையான நிகழ்ச்சி தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டுக்கு நேர்ந்தது. இமயமலையிலும் அரேபியாவிலும் வாழும் தார் எனப்படும் மலையாடுகளோடு சேர்த்து, மூன்றையும் ஹெமிட்ராகஸ் என்ற ஒரே பேரினத்தில் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான டிஎன்ஏ ஆய்வு, இமயமலைத் தார் வெள்ளாட்டுக்கும், வரையாடு செம்மறியாட்டுக்கும் நெருங்கியவை என்றும், மூன்றும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்புகள் அல்ல என்றும் காட்டியது. செங்குத்தான பாறைகளில் ஒரே விதமாக வாழ்ந்ததால் வந்த தோற்ற ஒற்றுமை ஆய்வாளர்களை நூறாண்டுகளுக்கும் மேலாக ஏமாற்றியிருந்தது. அதன்பின் வரையாட்டுக்கு மட்டும் நீல்கிரிட்ராகஸ் என்ற புதிய பேரினம் அமைக்கப்பட்டது. உலகில் அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே; அதுவும் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது.

வகைப்பாட்டின் படிநிலைகளைப் பாடநூல்கள் உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று வரிசைப்படுத்தும். கீழாநெல்லியின் முகவரி, பூக்கும் தாவரங்களுக்குள் மால்பிகியேல்ஸ் வரிசை, பில்லாந்தேசி குடும்பம், பில்லாந்தஸ் பேரினம் என்று செல்கிறது. இப்படிகளில் பெரும்பாலானவை ஆய்வாளரின் வசதிக்கு ஏற்ப வரையப்பட்ட எல்லைகள். எத்தனை கிளைகளைச் சேர்த்து ஒரு குடும்பம் என்பது என்று இயற்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. இனம் என்றும் சொல்லப்படும் சிற்றினம் என்ற படி மட்டும் ஓரளவு வேறுபட்டது. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களோடு இயற்கையில் கலவாத உயிர்த்தொகுதியே சிற்றினம் என்று 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் வரையறுத்தார். பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது. கலப்பு எளிதில் நிகழும் தாவரங்களுக்கு அரைகுறையாகவும், பாலினக் கலப்பின்றிப் பிரிந்து பெருகும் பாக்டீரியாக்களுக்குச் சிறிதும் பொருந்தாமலும் இருப்பதால், இன்றுவரை எல்லா உயிர்களுக்கும் உரிய ஒரே வரையறை இல்லை.

இனிப் பெயரிடுதலுக்கு வருவோம். லின்னேயஸுக்கு முன் ஒரு தாவரத்தின் அறிவியல் பெயர் என்பது இலத்தீனில் எழுதிய ஒரு சிறு வர்ணனை. தக்காளியை, முள்ளற்ற பூண்டுத் தண்டும் சிறகுபோல் பிளவுபட்ட வெட்டிலைகளும் உடைய சோலானம் என்ற பொருளில் ஒரு முழுத் தொடராக எழுதினார்கள். புதிதாக ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கும் அதே பண்புகள் இருந்தால், வேறுபாட்டைக் காட்டத் தொடர் இன்னும் நீளும். 1753இல் வெளியிட்ட தாவர நூலில் லின்னேயஸ் ஒவ்வொரு தாவரத்துக்கும் பேரினப் பெயர் ஒன்றும், அதன்பின் ஒரே ஒரு சொல்லும் என இரு சொற்களால் ஆன பெயரை ஒழுங்காக வழங்கினார். தக்காளி சோலானம் லைகோபெர்சிகம் ஆனது. கத்தரி சோலானம் மெலோஞ்சினா. விலங்குகளுக்கு அதே முறையை, சிஸ்டமா நேச்சுரே என்ற தம் வேறொரு நூலின் 1758இல் வெளியான பதிப்பில் நடைமுறைப்படுத்தினார். இன்றும் தாவரப் பெயர்களுக்கு 1753ஆம் ஆண்டு மே 1ஆம் தேதியும், விலங்குப் பெயர்களுக்கு 1758ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதியும் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. தாவரங்கள், பாசிகள், பூஞ்சைகள் ஆகியவற்றுக்கு ஒரு பன்னாட்டு விதித்தொகுப்பும், விலங்குகளுக்கு வேறொன்றும் உள்ளன. பாக்டீரியாக்களுக்கும் வைரஸ்களுக்கும் தனித்தனி விதிகள்.

அவ்விதிகளில் முதன்மையானது முந்துரிமை. ஒரே இனத்துக்கு இருவர் வெவ்வேறு பெயர் இட்டிருந்தால், முறைப்படி முதலில் வெளியானதே நிற்கும். வரையாட்டை 1838இல் வில்லியம் ஓகில்பி ஹைலோகிரியஸ் என்று பெயரிட்டார். 1842இல் ஜான் எட்வர்ட் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதே விலங்குக்கு வாரியாட்டோ என்று பெயரிட்டார். வரையாடு என்ற தமிழ்ச் சொல்லை இலத்தீன் எழுத்தில் எழுதிய முயற்சி அது என்பது கேட்டவுடன் புரியும். நான்கு ஆண்டுகள் பிந்தியதால் அந்தத் தமிழ்ப் பெயர் வழக்கொழிந்த மாற்றுப்பெயர்களின் பட்டியலில் போய்விட்டது. நமக்கு வருத்தம்தான், ஆனாலும் விதி விதிதான். ஹைலோகிரியஸ் என்பதற்குக் கிரேக்கத்தில் காட்டுச் செம்மறிக்கடா என்று பொருள். புல்வெளியிலும் பாறையிலும் வாழும் விலங்குக்குக் காடு என்ற அடைமொழி பொருந்தாது; செம்மறி என்பது மட்டும் 2005 ஆய்வோடு தற்செயலாகப் பொருந்திவிட்டது. பொருள் பொருந்தாத காரணத்துக்காகப் பெயரை மாற்ற விதிகள் இடம் தருவதில்லை. அறிவியல் பெயர் ஓர் அடையாளச் சீட்டு. அது வர்ணனையாக இருக்கும் கடமையிலிருந்து லின்னேயஸ் காலத்திலேயே விடுபட்டுவிட்டது.

பேரினம் மாறினாலும் இரண்டாம் சொல் கூடவே செல்லும். இதற்குக் கறிவேப்பிலை நல்ல எடுத்துக்காட்டு. தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராகப் பணியாற்றிய யோகான் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸின் மாணவர். அவரைப் போற்றும் வகையில் லின்னேயஸ் கறிவேப்பிலைக்குப் பெர்கெரா கோனிகியை என்று பெயரிட்டார். 1825இல் ஸ்பிரெங்கல் என்ற தாவரவியலாளர் அதை முர்ரயா பேரினத்துக்கு மாற்றியபோது அது முர்ரயா கோனிகியை ஆனது. அப்பெயரை முறையாக எழுதும்போது, லின்னேயஸின் பெயர்ச்சுருக்கம் அடைப்புக்குறிக்குள்ளும் ஸ்பிரெங்கலின் சுருக்கம் அதற்கு வெளியேயும் வரும். முதலில் பெயரிட்டவர் உள்ளே, பேரினத்தை மாற்றியவர் வெளியே என்பது அதன் பொருள். அண்மைய மூலக்கூற்று ஆய்வுகளுக்குப் பிறகு பலர் மீண்டும் பெர்கெரா என்றே எழுதுகிறார்கள். எத்தனை முறை இடம் மாறினாலும் தரங்கம்பாடி மருத்துவரின் பெயர் அந்த இலையை விட்டு நீங்குவதில்லை.

முந்துரிமைக்கு அடுத்த முக்கியமான விதி, கீழாநெல்லியின் கதையில்தான் நன்கு விளங்கும். ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதை வர்ணனையைக் கொண்டு முடிவு செய்ய முயன்றால், ஆளுக்கொரு விதமாகப் பொருள் கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு சிற்றினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட உலர்த்திய செடியோடோ, பாதுகாக்கப்பட்ட உடலோடோ நிரந்தரமாகப் பிணைக்கப்படுகிறது. தாவரங்களின் பழைய பெயர்கள் சிலவற்றுக்கு ஒரு படமும் அந்த இடத்தில் நிற்கலாம். இதை மூலமாதிரி என்பர். அந்த மாதிரி எந்த இனத்தைச் சேர்ந்ததோ, அந்த இனத்துக்கே அப்பெயர் உரியது. 1753இல் லின்னேயஸ் பில்லாந்தஸ் நிரூரி என்ற பெயரை வெளியிட்டபோது, மேற்கிந்தியத் தீவுகளின் செடியையும் நம் நாட்டுச் செடியையும் ஒன்றெனக் கருதினார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு ஆளுநர் வான் ரீட் 12 தொகுதிகளாக வெளியிட்ட மலபார் தாவர நூலில், கிர்கனெல்லி என்ற பெயரில் உள்ள செடியையும் அதன்கீழ்ச் சேர்த்துக் குறிப்பிட்டார். கிர்கனெல்லி என்று ஐரோப்பியர் எழுதியதில் நம் கீழாநெல்லி ஒலிப்பதைத் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் இந்தக் கலவையைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், நிரூரி என்ற பெயருக்குரிய மாதிரி அமெரிக்கச் செடியே என்று நிறுவினர். அந்த இனம் இந்தியாவில் இயற்கையாக வளர்வதில்லை. ஆகவே இரண்டு நூற்றாண்டுகளாக இந்தியத் தாவர நூல்களிலும் மருந்து நூல்களிலும் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதியிருந்தது பிழையான பெயர். இன்றும் கடைச் சீட்டுகளில் அந்தப் பெயரைக் காணலாம்.

நம் கீழாநெல்லிக்கு இப்போது பெரும்பாலும் வழங்கப்படும் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையில் தொன்னிங் என்ற டேனிஷ் தாவரவியலாளர் சேகரித்த செடியைக் கொண்டு 1827இல் அது வெளியிடப்பட்டது. அமாரஸ் என்றால் கசப்பு. மேலாநெல்லிக்கு லின்னேயஸ் இட்ட பெயர் பில்லாந்தஸ் மடராஸ்படென்சிஸ், அதாவது மதராஸ்பட்டணத்துக்குரியது. பில்லாந்தஸ் அமாரஸ் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து களையாகப் பரவிய செடி என்று தாவரவியலாளர் பலர் கருதுகிறார்கள். அது சரியானால், பழைய மருத்துவச் சுவடிகள் சொல்லும் கீழாநெல்லி இதே இனம்தானா, அல்லது இதை ஒத்த வேறொன்றா என்பது வரலாற்றாசிரியரும் தாவரவியலாளரும் சேர்ந்து ஆராய வேண்டிய கேள்வி.

மூன்றாவது வேலையான இனங்காணுதலை ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டே கற்க வேண்டும். அதற்கான கருவி அடையாளத் திறவு எனப்படும். ஒவ்வொரு படியிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரு கூற்றுகள் இருக்கும். செடிக்குப் பொருந்தும் கூற்றைத் தேர்ந்தால் அது அடுத்த படிக்கு அழைத்துச் செல்லும். இறுதியில் ஒரு பெயர் மிஞ்சும். கீழாநெல்லியில் முதலில் பார்க்க வேண்டியது, பக்கக் கிளையாகத் தோன்றுவது முருங்கை இலையைப் போன்ற கூட்டிலையா, உண்மையான கிளையா என்பது. கூட்டிலையின் சிற்றிலைக் கோணத்தில் மொட்டோ பூவோ வராது. கீழாநெல்லியில் ஒவ்வோர் இலையின் அடியிலும் வருகிறது. ஆகவே அது கிளை. பில்லாந்தஸ் என்ற சொல்லுக்கே கிரேக்கத்தில் இலைப்பூ என்று பொருள். அடுத்து, முதன்மைத் தண்டில் இயல்பான இலைகள் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதோடு அவை அடியில் குறுகி நுனியில் அகன்ற ஆப்பு வடிவில் இருந்தால், அது மேலாநெல்லியாக இருக்கக்கூடும். முதன்மைத் தண்டில் வெறும் செதில்கள் மட்டும் இருந்து, இலைகள் எல்லாம் பக்கக் கிளைகளில் இருந்தால் அடுத்த படிக்குச் செல்லலாம். காயின் மேல்தோல் சொரசொரப்பாகச் சிறு முண்டுகளோடு, காம்பின்றிக் கிளையை ஒட்டியிருந்தால், தண்டும் செந்நிறம் காட்டினால், அது பில்லாந்தஸ் யூரினேரியா. விதையைப் பெரிதாக்கிப் பார்த்தால் குறுக்கு வரிகள் தெரியும். காய் வழவழப்பாகச் சிறு காம்பில் தொங்கினால், பூவிதழ்களை எண்ண வேண்டும். ஐந்து இருந்து, ஒரே இலைக்கோணத்தில் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்திருந்தால் பில்லாந்தஸ் அமாரஸ். ஆறு இருந்தால் பில்லாந்தஸ் டெபிலிஸ், பில்லாந்தஸ் ஃபிரடெர்னஸ் போன்ற அதன் உறவுகளைத் தேட வேண்டும். இலையின் நிறம், செடியின் உயரம் ஆகியவை இந்தத் திறவில் இடம் பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; நீரும் வெயிலும் மண்ணும் மாறினால் அவையும் மாறிவிடும்.

பாம்புகளிலும் இதே ஒழுங்குதான். கட்டுவிரியனையும் நஞ்சில்லாத ஓநாய்ப் பாம்பையும் கருமையும் வெண்பட்டைகளும் கொண்டு மட்டும் பிரிக்க முயன்றால் தவறு நேரும். சில கட்டுவிரியன்களில் பட்டைகளே மங்கியிருக்கும். கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் செதில் வரிசை மற்றவற்றைவிடப் பெரிதாகவும் அறுகோணமாகவும் இருக்கும். ஓநாய்ப் பாம்பில் அது இல்லை. இது நிபுணருக்கும் இறந்த மாதிரிக்கும் உரிய சோதனை. உயிருள்ள பாம்பின் அருகே சென்று செதில் எண்ணுவது எவருக்கும் தகாது. கடிபட்டவர் பாம்பின் பெயரைத் தேடிக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பொடியாக அரைத்துவிட்ட செடியில் காயும் இல்லை, பூவும் இல்லை. அங்கே டிஎன்ஏ வரிக்குறியீடு உதவுகிறது. எல்லா இனங்களிலும் இருப்பதும், இனத்துக்கு இனம் சற்று வேறுபடுவதுமான ஒரு சிறு மரபணுப் பகுதியைப் படித்து, ஏற்கெனவே பதிவான வரிசைகளோடு ஒப்பிடுவது இம்முறை. விலங்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகள் போதும். தாவரங்களில் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால், பசுங்கணிகத்தின் இரண்டு மரபணுக்களையாவது சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தென்னிந்திய மருந்துக்கடைகளில் பில்லாந்தஸ் மூலிகையின் மாதிரிகளை வாங்கி இவ்வாறு சோதித்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கில் மூன்று பங்குக் கடைகளில் பில்லாந்தஸ் அமாரஸே பெரும்பாலும் இருந்தது. எஞ்சிய கடைகளில் அதே பேரினத்தின் வேறு ஐந்து இனங்கள் காணப்பட்டன. ஓர் இனத்தைக் கொண்டு செய்த மருந்தாய்வின் முடிவை இன்னோர் இனத்தின் பொடியை உண்பவருக்குப் பொருத்த முடியாது என்பதால், இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. டிஎன்ஏ முறைக்கும் ஓர் எல்லை உண்டு: ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் பதிவு யாரோ ஒருவர் கண்ணால் பார்த்துச் சரியாக இனங்கண்ட செடியிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த முதல் பெயர் தவறானால், இயந்திரம் அதே தவறை உறுதியோடு திருப்பிச் சொல்லும். கைப்பேசியில் படம் எடுத்துப் பெயர் கேட்கும் செயலிகளுக்கும் இது பொருந்தும். விதையின் வரிகளைப் படம் காட்டாதவரை, எந்தச் செயலியும் பேரினத்தோடு நின்றுவிடுவதே நேர்மை.

வகைப்பாடு இதோடு முடிந்துவிடவும் இல்லை. பில்லாந்தஸ் பேரினத்தின் கிளைகளுக்கு நடுவே வேறு பேரினங்கள் சில முளைத்திருப்பதாக டிஎன்ஏ காட்டுவதால், அதைப் பல சிறு பேரினங்களாகப் பிரிக்க வேண்டும் என்று 2022இல் ஓர் ஆய்வுக்குழு முன்மொழிந்தது. அதன்படி நெல்லிமரம் மீண்டும் எம்பிளிகா என்ற தன் பழைய பேரினத்துக்குச் செல்லும். கீழாநெல்லியோடு அது பகிர்ந்த முதற்சொல் பிரியும். எல்லாரும் இதை ஏற்றுவிடவில்லை. பிரிக்காமல், நடுவே உள்ள சிறு பேரினங்களையும் பில்லாந்தஸுக்குள் சேர்த்துவிடலாம் என்ற வழியும் இருக்கிறது. இரண்டுமே வம்சாவளியை மதிக்கும் வழிகள். எதைத் தேர்வது என்பதில் வசதியும் பழக்கமும் பங்கு வகிக்கின்றன.

இதைக் கற்க விரும்புபவர் முதலில் செய்யத்தக்கது, காயோடும் பூவோடும் வேரோடும் ஒரு முழுச் செடியை எடுத்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துவது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியத்திலும், திருச்சிராப்பள்ளியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் அடுக்கியிருக்கும் தாள்கள் எல்லாம் இப்படி உலர்த்தப்பட்டவையே. ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும்: எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், நிலத்தின் தன்மை, உலர்ந்தபின் மறைந்துவிடும் பூவின் நிறம். அறிவியல் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம். பின்னால் வருபவர் பென்சிலால் எழுதுவார், அவருக்குப் பின் வருபவர் அதைத் திருத்துவார். அந்த ஊரில் அச்செடிக்கு என்ன பெயர் என்பதை மட்டும், செடியைப் பறித்த அன்றே, அங்குள்ளவர்களிடம் கேட்டு எழுதிவிட வேண்டும்.